நடுப்பிடி

ஆள் எந்தப் பக்கம் திரும்பினாலும், சட்டையில் குத்தியிருந்த கதிர் மட்டும் மண்டபத்தின் பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியவள் அதை வாசல் வரிசையில் நிற்கும்போதே கவனித்துவிட்டாள். அவளுக்கு முன்னால் நின்ற கட்டம்போட்ட சட்டைக்காரர் மனைவியிடம் பேச இடப்பக்கம் திரும்பினார், கைப்பேசியில் படம் எடுக்க வலப்பக்கம் திரும்பினார். இரண்டு முறையும் அவர் நெஞ்சில் ஊசியில் தொங்கிய ஒற்றைக் கதிர் மெல்லத் தலையைத் திருப்பிப் பழைய திசைக்கே வந்து நின்றது. பிறகு யாரோ கூப்பிட்டார்கள் என்று அவர் முழுதாகப் பின்னால் திரும்பினார். இப்போது பின்சுவர் அவர் முதுகுப்பக்கம். கதிர் சட்டையோடு சப்பையாக ஒட்டிக்கொண்டு, முனையைத் துணிக்குள் அழுத்தியது. அவர் எறும்பு கடித்ததுபோல அந்த இடத்தைச் சொறிந்துகொண்டார். காற்றாக இருக்கும் என்று நினைத்து அவள் மேலே பார்த்தாள். மின்விசிறி ஓடவில்லை.

"கொஞ்சம் அசையாம நில்லுங்க ஆன்ட்டி, கதிர் குத்திடறேன்." கூடையோடு நின்ற பெண் ஊசியை வாயில் கவ்வியபடி வந்தாள்.

"எனக்கு வேண்டாம்மா."

"எல்லாருக்கும் குத்தணும் ஆன்ட்டி. மலைமக்களோட அறுவடைக்கு நாம நன்றி சொல்றதுக்கு அடையாளம்."

"அந்த மலைமக்கள்ல நானும் ஒருத்திதான். எனக்கு நானே நன்றி சொல்லிக்கணுமா?"

அந்தப் பெண் சிரிப்பதா விலகுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். பெரியவள் உள்ளே போனாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். ரத்தம் காயாத விரிப்பு, சீழ் பட்ட தலையணை உறை எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் துவைத்துப் பிழிகிறவள். டாக்டராக இருந்தாலும் கறை போகாததைப் போகாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அங்கே அவளுக்குக் 'கறார்' என்றே பெயர். இந்த மாதிரி விழாவுக்கெல்லாம் அவள் வருகிறவளே இல்லை. எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயணும் என்று கேட்கிற ஜாதி. வந்ததற்கு ஒரே காரணம் சின்னவள்.

அம்மா போனபோது சின்னவளுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, காய்ச்சலுக்கு விழித்து, காதலுக்குத் திட்டி வளர்த்தது எல்லாம் அக்காதான். உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு உயிர். அதுதான் இந்த விழாக்காரர்களிடம் ஆறு மாதமாக வேலைக்கு இருந்தது.

மண்டபம் ஒரு காலத்தில் பேருந்துப் பணிமனையாக இருந்ததாம். எத்தனை பெயின்ட் அடித்தும் தரையில் ஊறிய டீசல் வாடை போகவில்லை. அதற்கு மேல் வறுத்த சோள வாடை, அதற்கு மேல் புதுத் துணியின் கஞ்சி வாடை, இருநூறு பேரின் வியர்வை. தகரக் கூரையின் கண்ணாடிப் பலகைகள் வழியே நாலு மணி வெயில் பட்டை பட்டையாக விழுந்துகொண்டிருந்தது. தெர்மாகோலில் செய்த குடிசை ஒன்று, மலை ஒன்று, சலசலவென்று தண்ணீர் ஓடும் பிளாஸ்டிக் ஓடை ஒன்று. கடைசியில் மேடை. மேடைக்குப் பின்னால், பின்சுவரில், பேருந்துகள் வந்துபோன காலத்து இரும்பு ஷட்டர், தரை வரை இறக்கிப் பூட்டியிருந்தது. இத்தனைக்கும் அடியில் இன்னொரு வாடை அவள் மூக்கில் ஏறியது. அறுத்து நாலு நாளான கதிர் தூசி மணக்கும், வெயில் மணக்கும். இது ஈரமாக மணந்தது. இப்போதுதான் தோண்டிய குழி மணப்பதுபோல.

"அக்கா! வந்துட்டியா!"

சின்னவள் ஓடி வந்தாள். தலையில் இறகு, கழுத்தில் சிப்பி மாலை, இடுப்பில் குஞ்சம், நெஞ்சில் ஒரு கதிர்.

"இது என்னடி வேஷம்? நம்ம மலையில சிப்பி ஏது? கடல் எப்ப மேலே ஏறி வந்துச்சு?"

"சும்மா இருக்கா. டைலர் ஏதோ போட்டோ பார்த்துத் தச்சார்."

"யாரு போட்டோ?"

"யாருக்குத் தெரியும்! கத்தாதேக்கா, ப்ளீஸ். இன்னிக்கு நல்லபடியா முடிஞ்சா வேலையை நிரந்தரம் பண்றேன்னு சார் சொல்லியிருக்கார்."

அவள் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்த பெரியவள் இறகைச் சரிசெய்து விட்டாள். அப்போதுதான் சின்னவளின் கதிரும் தலையைத் திருப்பியது. ஷட்டரை நோக்கி.

"இவ்வளவு கதிர் எங்கேருந்துடி வந்தது?"

"மாமா வயல்லேருந்துதான். நானே போய் அறுத்தேன்." பெருமை பொங்கச் சொன்னாள்.

"நடுப்பிடி?"

சின்னவள் கழுத்து மாலையிலிருந்த சிப்பியைத் திருகினாள்.

"நடுப்பிடி என்ன ஆச்சுன்னு கேட்டேன்."

"வயல் மொட்டையா வேணும்னு சார் சொன்னார்க்கா. மேலேருந்து வீடியோ எடுக்கிறப்ப நடுவுல ஒரு கொத்து நின்னா அசிங்கமா இருக்காம். மாமா வேண்டவே வேண்டாம்னு குதிச்சார். அவரை டீ குடிக்க அனுப்பிட்டு நான் அறுத்துட்டேன். ஒரு கொத்துதானேக்கா. அதையும் வீணாக்கல. அதுதான் வாசல்ல எல்லாருக்கும் குத்தறது."

பெரியவள் சுற்றியிருந்தவர்களின் நெஞ்சை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

மலையில் அவர்கள் ஆட்கள் வயலை இரண்டு ஓரத்திலிருந்தும் அறுத்துக்கொண்டு வருவார்கள். நடுவில் சந்திக்கும்போது இரண்டு கைக்குள் அடங்கும் அளவுக்கு ஒரு கொத்தை அறுக்காமல் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுவார்கள். அதுதான் நடுப்பிடி, பின்னால் வருகிறவருக்கு. பின்னால் வருகிறவர் யார் என்று கேட்ட பிள்ளைகளுக்கு முதுகில் இரண்டு விழும்; பெரியவள் நாலு வாங்கியிருக்கிறாள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அந்தக் கொத்து நின்றபடியே நிற்கும். ஒரு தாள் சாய்ந்திருக்காது, ஒரு கதிர் முறிந்திருக்காது. நசுக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு மணி இருக்காது. பறவை தின்றால் கீழே நாலு சிந்தும், இது சிந்தியதே இல்லை. மேடை, மைக், வாழ்த்து மடல் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. விட்டுவிட்டு வருவார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த நன்றி.

அதைத்தான் இவர்கள் இருநூறு ஊசியில் குத்திப் பங்கு போட்டிருந்தார்கள்.

சரக்.

சத்தம் ஷட்டருக்கு வெளியே கேட்டது. மேளம், சிரிப்பு, பிள்ளைகளின் ஊதல் எல்லாவற்றுக்கும் அடியில், நிதானமாக, அவசரமே இல்லாமல். சரக். சரக். அறுத்த வயலில் நின்ற கட்டைத்தாளை மிதித்து நடக்கும் சத்தம் அது. அவளுக்கு எந்தத் தூக்கத்திலும் தெரியும். ஷட்டருக்கு வெளியே இருந்ததோ சிமென்ட் போட்ட வண்டி நிறுத்துமிடம். வரும்போது அதில்தான் நடந்து வந்தாள். அங்கே மிதிக்க ஒரு புல் கிடையாது.

"சவுண்டு எஃபெக்ட் பிரமாதம்," என்றார் கட்டம்போட்ட சட்டைக்காரர், மனைவியிடம்.

பெரியவள் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். "வா. வீட்டுக்குப் போறோம்."

"என்னக்கா விளையாடறே? பத்து நிமிஷத்துல மேடை ஏறணும்."

"வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். கஞ்சி குடிச்சாலும் நான் சோறு போடறேன். நடடி."

இழுத்துக்கொண்டு நாலு எட்டு வைத்தாள். ஐந்தாவது எட்டில் சின்னவள் நின்றுவிட்டாள். அவள் நிற்கவில்லை, நிறுத்தப்பட்டாள். நெஞ்சிலிருந்த கதிர் துணியோடு உள்நோக்கிக் குழிந்து அழுத்த, மூச்சுத் திணறியது. மேடைப் பக்கம் ஓர் அடி பின்வாங்கியதும் சரியாயிற்று. வாசல் பக்கம் திரும்பினால் மறுபடி திணறியது. சின்னவளின் முகத்திலிருந்த கோபம் போய், ஒன்பது வயதில் பார்த்த முகம் வந்தது.

"அக்கா, இது என்னக்கா?"

பெரியவள் கதிரைக் கொத்தாகப் பிடித்துப் பிடுங்கினாள். ஊசியோடு துணியும் கிழிந்து வந்தது. ஊசி பட்ட இடத்தில் ஒரு துளை. ரத்தம் இல்லை. பொடிப்பொடியாக உமி உதிர்ந்தது.

அவளுக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்தின் பின்னாலேயே கோபமும் வந்தது. பயந்தால் கோபப்படுவது அவள் குணம். கோபத்தில்தான் அவளுக்கு மூளை வேலை செய்யும்.

கழுத்தில் அட்டை மாட்டியிருந்த விழாப் பொறுப்பாளர் மேடை ஓரம் நின்றிருந்தார். சின்னவளின் சார். பெரியவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், எல்லார் நெஞ்சிலேயும் இருக்கிற கதிரைக் கழட்டச் சொல்லுங்க. இப்பவே."

"அம்மா, உங்க நம்பிக்கையை நாங்க ரொம்ப மதிக்கிறோம்."

"மதிக்க வேண்டாம். கழட்டுங்க."

"நீங்க இந்தச் சமூகமா? அற்புதம்! மேடைக்கு வாங்களேன், ரெண்டு வார்த்தை பேசுங்க."

அவள் பேசினாள். மேடை ஏறி மைக்கைப் பிடுங்கி, அடித்தொண்டையில் கத்தினாள். "கதிரைப் பிடுங்கிப் போடுங்க! அது உங்களுது இல்ல! எங்களுதும் இல்ல! அதுக்குரியவர் வந்துட்டார், வெளியில நிக்கிறார்! உயிர் மேல ஆசை இருந்தா பிடுங்கிப் போட்டுட்டு ஓடுங்க!"

மண்டபமே கைதட்டியது. கட்டம்போட்ட சட்டைக்காரர் எழுந்து நின்று தட்டினார். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்துப் பதினைந்து கைப்பேசிகள் அவளைப் படம் பிடித்தன.

"எவ்வளவு உணர்ச்சிகரமான நடிப்பு!" பொறுப்பாளர் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "எல்லாரும் எழுந்து நில்லுங்க. கையை நெஞ்சுல, அந்தக் கதிர் மேல வைங்க. இந்த மண்ணோட மூத்த குடிகளுக்கு மூணு தடவை நன்றி சொல்லுவோம்."

"படுபாவி," என்றாள் பெரியவள். மேடையிலிருந்து குதித்து இறங்கினாள்.

நன்றி, என்றது மண்டபம். வெளியே நடை நின்றது.

நன்றி. ஷட்டரின் பூட்டு தானாக விழவில்லை, உடையவில்லை. பூட்டியபடியே இருந்தது. ஆனால் ஷட்டர் ஒரு சாண் உயர்ந்தது. இடைவெளியில் வெயில் தெரிந்திருக்க வேண்டும், நாலரை மணிதான். தெரிந்தது கரிய ஈர மண்.

நன்றி.

மூன்றாவது நன்றியை எல்லோரும் முடிக்கவில்லை. நன்... என்ற இடத்தில் மேடைப் பக்கத்துப் பாதி மண்டபத்தின் குரல் நின்றது. மேளம் நின்றது. பிளாஸ்டிக் ஓடையின் மோட்டார் மட்டும் ஓடியது.

சரக். இப்போது உள்ளே.

பெரியவளுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. மனிதர்கள் சாய்வதுதான் பட்டது. காற்று புகுந்த வயலில் கதிர்கள் சாயுமே, அந்த மாதிரி. மேடைக்கு இடப்பக்கம் நின்ற வரிசை ஒரே நேரத்தில் இடுப்பிலிருந்து வளைந்தது. நிமிர்ந்தது. நிமிர்ந்தபோது எல்லோரும் சிரித்தபடிதான் இருந்தார்கள், கை நெஞ்சில்தான் இருந்தது. பொறுப்பாளரின் கழுத்து அட்டை மட்டும் மெல்ல ஆடியது. அவர் சட்டைக்குள் வயிறு இல்லை.

அடுத்த வரிசை.

சத்தமே கிடையாது. ஒரு முனகல் இல்லை. வளைந்தார்கள், நிமிர்ந்தார்கள், லேசாகிவிட்டார்கள். கட்டம்போட்ட சட்டைக்காரரின் கண்கள் திறந்திருந்தன. கன்னம் காகிதம்போல உள்ளே வெளியே அசைந்தது. தரையில் ஒரு துளி சிந்தவில்லை.

அடுத்த வரிசை. அடுத்தது.

ஓடலாம். அவள் நெஞ்சில் கதிர் இல்லை. அவளை ஒன்றும் செய்யாது, அது அவளுக்குத் தெரிந்தது. வாசல் இருபது எட்டில் இருந்தது. சின்னவளை இழுத்தாள். சின்னவள் நகரவில்லை.

"கதிரைத்தான் பிடுங்கியாச்சே! இன்னும் என்னடி? நட!"

"முடியலக்கா. காலு வரலக்கா."

சரக்.

பெரியவள் தங்கையைப் பின்னால் தள்ளி, முன்னால் நின்றுகொண்டாள். ஈர மண் வாடை முகத்தில் மோதியது. அவள் உயரத்துக்கு மேல், எங்கோ மேலிருந்து ஒரு மூச்சு. பொறுமையான மூச்சு.

"உன் பங்கை எடுத்தது தப்பு," என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும். "ஒத்துக்கறேன். எங்க ஆளுங்களே செஞ்ச தப்பு. காலத்துக்கும் நடுப்பிடி வைக்கிறேன், நானே போய் நின்னு வைக்கிறேன். ஆனா இவளைத் தரமாட்டேன். இவ யார் பங்கும் இல்ல. இவகிட்ட உன்னோடது ஒண்ணும் இல்ல. போ!"

மூச்சு அவள் தலைக்கு மேலாகவே போயிற்று. பின்னால் குனிந்தது.

"அக்கா."

"பேசாதே."

"வீடியோவுக்குன்னு சார் சொன்னார்க்கா. வயல்லயே நடுப்பிடியிலேருந்து ஒரு மணியை எடுத்து வாயில போட்டுச் சிரிக்கச் சொன்னார்." சின்னவள் அழுதாள். "முழுங்கிட்டேன்."

பெரியவள் திரும்பினாள். மேலேயிருந்து வந்த மூச்சு நின்றிருந்தது. ஈர வாடை இப்போது வேறெங்கிருந்தும் வரவில்லை, தங்கையின் வாயிலிருந்து வந்தது. அக்காவுக்கும் தங்கைக்கும் மேலே இப்போது எதுவும் நிற்கவில்லை.

"வாயைத் திற."

திறந்தாள். நாக்குக்குப் பின்னால், தொண்டைக் குழியில், பச்சைப் பசேலென்று ஒரு பயிர்த்தாள் நின்றது.

இரண்டு விரலை விட்டுப் பிடித்தாள். இழுத்தாள். ஒரு சாண் வந்தது. வெதுவெதுப்பாக, வழவழப்பாக. இன்னொரு சாண். ஒரு முழம். சின்னவள் குமட்டினாள், ஆனாலும் அக்காவின் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். இழு, நிறுத்தாதே, இழு. இரண்டு முழம். மூன்று. காலடியில் சுருள் சுருளாக விழுந்தது. வேர் வரவில்லை. இதோ வந்துவிடும். ஈர விரிப்பைப் பிழிந்த கை இது, எருமைக் கனம் கனத்தாலும் விட்டதில்லை. இதோ.

உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

ஒரு முழம் விருட்டென்று தொண்டைக்குள் திரும்பப் போயிற்று. சின்னவளின் கண்கள் மேலே சொருகின.

"என் தங்கச்சிடா அவ!" என்றாள் பெரியவள், அந்த வாய்க்குள் பார்த்து. "இன்னிக்கு முழுக்க இழு. நாளைக்கும் இழு. நான் ஒண்ணும் கையை விடப்போறது இல்ல."

தாளை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். அது தோலை அறுத்தது. ரத்தம் முழங்கை வரை வழிந்தது. செருப்பை உதறிவிட்டு வெறுங்காலைத் தரையில் ஊன்றினாள். பின்னால் சாய்ந்தாள். இழுத்தாள். அரை முழம் வெளியே வந்தது. ஒரு முழம் உள்ளே போனது. மறுபடி இழுத்தாள். சுற்றிலும் இருநூறு பேர் சிரித்த முகத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருக்க, சின்னவளின் தொண்டை மேலும் கீழும், மேலும் கீழும் ஏறி இறங்கியது.